அரை நிமிஷம்

குளிர் அறையில் இருப்பு எண்ணிவிட்டு
வெளியே வந்தால்
மண்டபத்துக் காற்று ஓடி வந்து
என் கண்ணாடியில் மூச்சு விடும்.
அரை நிமிஷம்
உலகம் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு.
முந்தானையால் துடைத்தால் உப்புக் கோடு,
துடைக்காவிட்டால் வெள்ளை.
மைனஸ் நாலேகால்.
ஐஸ் பிளான்ட்டில் பார் எண்ணிப் பதினேழு வருஷம்.

அதனால்தான் ராமநாதபுரம் போனேன்,
ஜகுபர் நிஷா வேலை பார்க்கிற கடைக்கு.
"நகத்தை வெட்டிட்டு வாங்க அக்கா" என்று
முதல் நாள் திருப்பி அனுப்பினாள்.
மறுநாள்
விரல் நுனியில் ஒரு துளியை உட்காரவைத்துக் காட்டினாள்:
கிண்ணம் மாதிரி நின்றால் சரி,
தட்டு மாதிரி விளிம்பு விரிந்தால்
உள்ளும் புறமும் மாறிக் கிடக்கிறது.
பார்த்தேன்.
கரை ஒதுங்கிய சொறிமுட்டையும்
தீண்டுவதற்கு முன்னால்
இப்படித்தான் அப்பாவியாக இருக்கும்.

கூடவே ஒரு பாட்டில். முந்நூற்று நாற்பது ரூபாய்.
என்ன தண்ணீர் என்றேன்.
"உப்புத் தண்ணிதான்."
நல்ல தண்ணீரைக் குடம் பன்னிரண்டுக்கு வாங்கி
உப்புத் தண்ணீரைச் சும்மா மிதித்துத் திரிகிற ஊர்க்காரி
உப்புத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி
பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
பில்லை மட்டும்
வீட்டில் அந்தோணிப்பிச்சையிடம் காட்டவில்லை.

என் கண் எனக்கே கதவு திறக்கவில்லை.
இடது கையால் மேலிமையைத் தூக்கி
வலது நடுவிரலால் கீழிமையை இழுத்து
ஆட்காட்டி விரல் வர வர
வட்டிக்காரனைத் தெருமுனையில் கண்ட வீடு மாதிரி
சாத்திக்கொள்ளும்.
பிடித்த பிடியில் பிதுங்கி நின்றதைக்
கண்ணாடியில் பார்த்தேன்:
ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடந்த பாறை மீன்.
சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் லென்ஸ் கன்னத்தில்.

நாலாம் நாள் ராத்திரி
சமையல்கட்டுத் தரையில் விழுந்தது.
முட்டி போட்டேன்.
தேடுகிற பொருள் கண்ணில் இருந்தால்தான்
அதைத் தேடவே முடியும்.
உள்ளங்கையால் தடவித் தடவி
அடுப்படி ஓரம்
ஈரமாய், மெல்லிசாய், வட்டமாய்.
எடுத்தேன், பாட்டில் தண்ணீரில் கழுவினேன்,
கண்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.
வாடை அடித்தது.
மத்தியானம் ஆய்ந்த நகரையின் செதில்.
நிஜ லென்ஸை விடியக்காலம் பார்த்தேன்,
என் முழங்கையில்
அப்பளமாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது.

அடுத்த ஜோடியைப் பிரித்தேன்.

ஏழாம் நாள்
நினைப்பு வேறெங்கோ கிடந்தது,
சீட்டுப் பணம், காஸ் புக்கிங்.
விரல் போனது, திரும்பியது,
நுனியில் ஒன்றுமில்லை.
மறுபடி விழுந்துவிட்டதென்று குனிந்தேன்.
தரையில் எறும்பு தெரிந்தது.
எறும்பின் இடுப்பு தெரிந்தது.

மறுநாள் குளிர் அறையிலிருந்து வெளியே வந்தேன்.
காற்று ஓடி வந்தது,
மூச்சு விட இடமில்லாமல்
முகத்தைச் சுற்றிப் போனது.
சறுக்குப் பலகையில் சூசைமாணிக்கம்
கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்
ஓர் அரைப் பார்.
லாரிக்கு இல்லை.
சுவரோரம் நம்புநாயகியின் மீன்கூடைக்கு.
எண்ணிக்கையில் வராத அரைப் பார்.
பதினேழு வருஷத்தில் இப்படி எத்தனை?
வாரத்துக்கு ஒன்றா, நாளுக்கு ஒன்றா,
என் வெள்ளைக்கருவுக்குப் பின்னால்
யார் யார் கூடையெல்லாம் கெடாமல்
உச்சிப்புளி வரை நடந்தது?

அவர் நின்றார். பார் மட்டும்
கொஞ்சம் தானாகச் சறுக்கி, அதுவும் நின்றது.
என் மூக்கின்மேல் ஒன்றும் இல்லாததை
அவர் பார்த்ததை
நான் துல்லியமாகப் பார்த்தேன்,
இடது மீசையில் ஒரு நரை உட்பட.

விரலை எடுத்து
இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினேன்.
பிறகு கழற்றினேன்.
முந்தானையைப் பிடித்து,
இந்தப் பக்கம்,
அந்தப் பக்கம்,
ஒரு கோடு இல்லாமல்
நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.